தங்கத் துகளும் சிவப்பு விளக்கும் அப்பாவின் விரலைக் காப்பாற்றுமா?

கம்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது.

அவருடைய அப்பாவுக்கு 57 வயது, 12 வருடமாகச் சர்க்கரை நோய். விடியற்காலை ஜீப்பில் கம்பம் மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். ஏழு வாரத்துக்கு முன் வெட்டிவிட்ட மூங்கில் முனை ஒன்று ரப்பர் பூட்ஸைத் துளைத்துக்கொண்டு வலது பெருவிரலுக்கு அடியில், உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. வலி தெரியவில்லை. மூன்றாம் நாள் பூட்ஸுக்குள்ளிருந்து வாடை வந்த பிறகுதான் வீட்டில் காலைப் பார்த்திருக்கிறார்கள். இப்போது புண்ணின் வாய் சிறியது. அழுத்தினால் உள்ளேயிருந்து சீழ் வருகிறது.

கட்டப்பனையில் ஒரு லேபில், புண்ணின் மேலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த சாம்பிளில் எம்.ஆர்.எஸ்.ஏ. (பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃப் வகைக் கிருமி), சூடோமோனாஸ் என்று இரண்டு கிருமிகள். கேரளத்தில் சீட்டு இல்லாமல் மாத்திரை தர மறுத்ததால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கடையில் லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி, நான்கு நாள் கொடுத்து, வாடை குறைந்ததும் நிறுத்தி, திரும்ப வந்ததும் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். தேனியில் பார்த்த அறுவை மருத்துவர் பெருவிரலை எடுக்க வேண்டி வரலாம் என்றிருக்கிறார். அந்தப் பயத்தில் இருக்கும்போது, ‘தங்க நானோ துகள், லேசர் ஒளி, ஆறு சிட்டிங், ரூ.48,000, விரல் போகாது, உத்தரவாதம்’ என்று ஒரு மையத்தின் விளம்பரம் கண்ணில் பட, ரூ.5,000 முன்பணம் கட்டிவிட்டார்கள். சித்தப்பா மகனோ மீன்தொட்டிக் கடையில் மெத்திலீன் புளூவும் ஆன்லைனில் சிவப்பு எல்.இ.டி. விளக்கும் வாங்கி, ‘இதையே வீட்டில் செய்யலாம்’ என்கிறான்.

கேட்டிருப்பவை நான்கு: இந்த ஒளிச் சிகிச்சை உண்மையா? மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி என்றால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? வீட்டில் செய்து பார்க்கலாமா? ஒரு விரலை எடுத்தால் பிறகு காலும் போய்விடும் என்கிறார்களே?

அன்புச் சகோதரிக்கு,

ஒளியால் கிருமியைக் கொல்வது உண்மையான அறிவியல்தான். ஆனால் உங்கள் அப்பாவின் காலில் இன்றைக்கு இருக்கும் பிரச்சினை ஒளி போய்ச் சேராத இடத்தில் இருக்கிறது. இந்த வாரம் அந்த மையத்துக்குப் போகும் நாளை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் நாளாக மாற்றிக்கொள்ளுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

ஒளி என்ன செய்கிறது

விளம்பரங்கள் ஒன்றாகக் குழப்பிவைத்திருக்கும் இரண்டு முறைகளைப் பிரித்துப் பாருங்கள். முதலாவது சாயம் சார்ந்தது. மெத்திலீன் புளூ போன்ற ஒரு சாயத்தைப் புண்ணில் தடவி, அது கிருமியின் மேல் ஒட்டிக்கொண்ட பிறகு சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைக் காட்டுவார்கள். சாயம் அந்த ஒளியை வாங்கி, பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அந்த ஆக்சிஜன் மூர்க்கமாகி, கிருமியின் சவ்வு, புரதம், மரபணு எல்லாவற்றையும் தாக்குகிறது. அது உயிரோடிருப்பது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரம். ஒரு பாக்டீரியாவின் அகலத்தைக்கூட அது தாண்டாது. ஆகவே சாயம் தொட்ட கிருமிதான் சாகும்.

இரண்டாவது சூடு சார்ந்தது. மிக நுண்ணிய தங்கக் கம்பிகளோ கூடுகளோ 800 நானோமீட்டர் அளவிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டில் கிருமி வேகும். நீங்கள் கேள்விப்பட்ட ‘தங்க நானோ’ இதுதான். கடைகளில் நானோ சில்வர் என்று விற்கும் ஜெல்லுக்கும் ஒளிக்கும் சம்பந்தமே இல்லை.

சாயமும் ஒளியும் சேர்ந்தால் நுண்ணுயிர் சாகும் என்பது மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் கண்டு 1900-இல் வெளியிட்டது. ஆன்டிபயாடிக் பெருகிய காலத்தில் ஓரமாகக் கிடந்த இந்த வழி, எதிர்ப்புக் கிருமிகள் பெருகிய பிறகு மறுபடி ஆய்வுக்கூடங்களுக்கு வந்திருக்கிறது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆன்டிபயாடிக் பெரும்பாலும் கிருமியின் ஏதாவது ஒரு பாகத்தைக் குறிவைக்கும். அந்தப் பாகத்தை மாற்றிக்கொண்டு கிருமி தப்பிக்கும். ஒளிமுறை ஒரே நேரத்தில் பல இடங்களில் அடிக்கிறது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்றாலும் சாதாரண ஸ்டாஃப் என்றாலும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். சூடோமோனாஸ் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால் நேர்மின்னூட்டம் உள்ள சாயங்களே அதன்மேல் நன்றாக ஒட்டும்.

மனிதர்களிடம் நடந்தவை? கனடாவின் வான்கூவரில் பெரிய அறுவைக்கு முன் நோயாளியின் மூக்கினுள் மெத்திலீன் புளூ தடவிச் சிவப்பு ஒளி காட்டி, அங்கே குடியிருக்கும் ஸ்டாஃப் கிருமிகளைக் குறைக்கிறார்கள். ஆறாத கால் புண்ணிலும் சர்க்கரைக் கால் புண்ணிலும் ஒரு சாயத்தை வைத்து 32 பேரிடம் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஒளி காட்டியவுடன் புண்ணில் கிருமி எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் 32 பேர்தான். தங்கத் துகளைப் பொறுத்தவரை, தங்கக் கூடுகளை வைத்து புராஸ்டேட் புற்றுக்கு மனிதர்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்வு 2019-இல் வந்தது. புண்ணில் இருக்கும் கிருமிக்கு அதைப் பயன்படுத்துவது பெரும்பாலும் எலிகளோடும் ஆய்வுக்கூடத் தட்டுகளோடும் நிற்கிறது. சர்க்கரைக் கால் புண்ணுக்கு வழக்கமான சிகிச்சையாக அது எங்கும் வரவில்லை. அப்படியிருக்க ‘உத்தரவாதம்’ என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு சொல்லே எச்சரிக்கை மணி.

உங்கள் அப்பாவின் காலில் அது ஏன் தடுமாறும்

முதலில் ஆழம். நீல ஒளி தசைக்குள் ஒரு மில்லிமீட்டர்கூடச் சரியாகப் போகாது. சிவப்பு சில மில்லிமீட்டர். அகச்சிவப்பு இன்னும் கொஞ்சம். இருட்டில் டார்ச்சை விரலுக்குப் பின்னால் வைத்தால் விரல் சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளிச்சத்தில் சிவப்பு மட்டும் தப்பி வருவதால்தான் அப்படி. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அந்த ஒளிர்வு, உள்ளே போன வெளிச்சத்தில் மிகச் சிறிய பங்கு. கிருமியைக் கொல்ல அது காணாது. பெருவிரல் மூட்டுக்கு அடியில் உள்ளங்கால் தோலும் கொழுப்பு மெத்தையும் சேர்ந்தால் சுமார் ஒரு செ.மீ. தடிமன். புண்ணின் வாய் சிறிதாகவும், அழுத்தினால் சீழ் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உள்ளே பை மாதிரி ஒரு குழி பக்கவாட்டில் விரிந்திருக்க வேண்டும். மூங்கில் சிலும்பு ஒன்று இன்னும் அங்கேயே இருக்கலாம். எலும்பில் கிருமி ஏறியிருக்கலாம். மேலே எத்தனை சிட்டிங் ஒளி காட்டினாலும் இந்த மூன்றில் எதையும் அது தொடாது.

அடுத்தது ஆக்சிஜன். சாயமுறைக்கு அது இல்லாமல் நடக்காது. சர்க்கரையால் இரத்தக்குழாய் அடைத்த காலில் குறைவாக இருப்பதும் அதுதான். சீழும் செத்த தசையும் நிறைந்த புண்ணில் இன்னும் குறைவு. போதாததற்குச் சீழிலுள்ள புரதம் சாயத்தைத் தானே குடித்துவிடும். இந்தச் சிகிச்சையை முறையாகச் செய்கிறவர்கள் முதலில் செத்த தசையை வெட்டி எடுத்து, சலைனில் கழுவி, பிறகுதான் சாயம் வைப்பார்கள். வெட்டிச் சுத்தம் செய்யாமலே ‘கத்தியில்லாச் சிகிச்சை’ என்று விற்கிறார்கள் என்றால் அங்கே நடப்பது வேறு எதுவோ.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. உங்கள் அப்பாவுக்கு மூங்கில் குத்தியதே தெரியவில்லை. தங்கத் துகளைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்ல 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும்; அந்தச் சூட்டில் சில நிமிடங்களில் மனிதத் தோலும் வெந்துவிடும். உணர்ச்சி உள்ளவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். உணர்ச்சி இல்லாத கால் அப்படியே கிடக்கும். பழைய புண்ணுக்குப் பக்கத்திலேயே தீக்காயம் ஒன்று சேரும்.

வீட்டு விளக்கும் மீன்தொட்டி மருந்தும்

தம்பியின் ஆர்வத்தைக் கடிந்துகொள்ள வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். ஒரு சதுர செ.மீ.க்கு 60 ஜூல் ஒளி கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவக் கருவி ஒரு சதுர செ.மீ.க்கு 100 மில்லிவாட் தந்தால் 600 நொடி, அதாவது 10 நிமிடம் போதும். வீட்டு விளக்கு ஓர் அடி தள்ளி வைத்தால் 2 மில்லிவாட் தருகிறது என்று கொண்டால், அதே அளவுக்கு 30,000 நொடி, அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல். அதற்குள் சாயம் வெளுத்துப் போயிருக்கும். பக்கத்தில் வைத்தால் காலைச் சுட்டுவிடும். சாயம் அதிகமானால் மேலேயுள்ள அடுக்கே ஒளியைத் தின்றுவிடும். குறைந்தால் கிருமியில் ஒட்டாது.

மீன்தொட்டி மெத்திலீன் புளூ மனிதப் புண்ணுக்கான தூய்மையில் தயாரித்ததல்ல. உலோகக் கலப்பு இருக்கலாம், கிருமி நீக்கப்பட்டதும் அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. புண்ணும் சுற்றுத் தோலும் நீலமாகிவிட்டால் சிவப்பு பரவுகிறதா, தசை கறுக்கிறதா என்று மருத்துவரால் பார்த்துச் சொல்ல முடியாது. சர்க்கரைக் காலில் வலி எச்சரிக்காது. நிறம் ஒன்றுதான் எச்சரிக்கும். அதையும் நாமே மறைத்துவிடக் கூடாது. காபித்தூள், மஞ்சள், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் அந்தக் குழிக்குள் வேண்டாம். வெந்நீரில் காலை ஊறவைப்பதும் வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தலாமா

ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’ (அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது) இருப்பதைப் பார்த்து, எந்த மருந்தும் கேட்காது என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ.க்கு லினசோலிட், வான்கோமைசின், டாக்சிசைக்ளின் எதிரேயும், சூடோமோனாஸுக்கு அமிகாசின், மெரோபெனம் எதிரேயும் ‘எஸ்’ இருக்கிறது. ‘எஸ்’ என்றால் வழக்கமான அளவில் அந்த மருந்து வேலை செய்யும். வழி அடைபடவில்லை.

லினசோலிட் எம்.ஆர்.எஸ்.ஏ.க்கு நல்ல மருந்து. சூடோமோனாஸை அது தொடவே தொடாது. நான்கு நாள் கொடுத்து நிறுத்தியபோதெல்லாம் ஒரு கிருமி பாதி அடிபட்டுப் பிழைத்துக்கொண்டது, இன்னொன்று நிம்மதியாக வளர்ந்தது. சீழ்ப்பை திறக்கப்படாமல் இருக்கும்வரை எந்த மருந்தும் அதற்குள் போதுமான அளவு போகாது என்பதும் சேர்ந்துகொண்டது. ‘மருந்து கேட்கவில்லை’ என்று உங்களுக்குத் தோன்றியதற்குப் பாதிக் காரணம் இதுதான். சீட்டு கேட்ட கேரளக் கடைக்காரர் உங்களுக்கு நல்லதே செய்தார். இந்தச் சட்டம் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான். ஆன்டிபயாடிக் எங்கேயும் சீட்டோடுதான் விற்க வேண்டும்.

இன்னொன்று, மேலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த சாம்பிளை அப்படியே நம்ப முடியாது. தோலின் மேல் வெறுமனே தங்கியிருக்கும் கிருமியும் அதில் வரும். ஈரமான ரப்பர் பூட்ஸுக்குள்ளிருந்த காலில் சூடோமோனாஸ் அப்படி வந்ததாகக்கூட இருக்கலாம். புண்ணைச் சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து எடுத்த தசைத்துண்டோ எலும்புத்துண்டோதான் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, சரியான சாம்பிள். கடைசி மாத்திரை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சாம்பிள் எப்போது எடுப்பது என்று அவர் அதைவைத்துத்தான் முடிவுசெய்வார்.

எத்தனை நாள் மருந்து? தசையில் மட்டும் கிருமி என்றால் ஒன்று முதல் இரண்டு வாரம். எலும்பில் ஏறி, எலும்பை எடுக்காமல் மருந்தாலேயே பார்ப்பதென்றால் ஆறு வாரம் வரை. லினசோலிட் இரண்டு வாரம் தாண்டினால் தட்டணுக்கள் குறையலாம்; வாரம் ஒருமுறை இரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். அப்பா மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறவராக இருந்தால் லினசோலிட் தொடங்குமுன் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் மோதும். வான்கோமைசின், அமிகாசின் இரண்டும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை, ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனை பார்க்காமல் தொடங்க மாட்டார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். காலையில் சீக்கிரம் போனால் அன்றே பல சோதனைகள் முடியும். நீங்கள் கேட்டு உறுதிசெய்ய வேண்டியவை:

— *எலும்பு.* நுனி மழுங்கிய எஃகுக் கம்பியைப் புண்ணுக்குள் மெல்ல விட்டுப் பார்ப்பார்கள். கரடுமுரடாக எலும்பு தட்டினால் எலும்பில் கிருமி இருக்கும் வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயும், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். என்ற இரத்தச் சோதனையும் எடுப்பார்கள். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். உங்களுக்கு ஏழு வாரம் ஆகிவிட்டதால் இப்போது எடுப்பது பயன் தரும். மூங்கில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ‘முள் உள்ளே இருக்குமோ’ என்று நீங்களே சொல்லுங்கள், அல்ட்ராசவுண்டில் தேடுவார்கள்.

— *இரத்த ஓட்டம்.* கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் சோதனை. 0.9-க்குக் கீழே என்றால் அடைப்பு. சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் கல்லாகி இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும், 1.3-க்கு மேல் வந்தால் நல்லது என்று மகிழ வேண்டாம், கால்விரலில் எடுக்கும் இரத்த அழுத்தமோ, இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனோ கேளுங்கள். விரல் அழுத்தம் 30-க்குக் கீழே என்றால் இரத்தநாள அறுவை நிபுணரை உடனே பார்க்க வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. ஓட்டத்தைச் சரிசெய்யாமல் விரலை வெட்டினால் வெட்டிய இடம் ஆறாது. கத்தி வைக்கும் முன் இந்த எண்ணைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

— *பாரம்.* ஆறாத உள்ளங்கால் புண்ணுக்குப் பாதிக் காரணம் அதன் மேலேயே நடப்பது. கழிப்பறை வரை போவதும் நடைதான். சக்கர நாற்காலியோ வாக்கரோ ஏற்பாடு செய்யுங்கள். கிருமி அடங்கி, இரத்த ஓட்டமும் போதுமானது என்று தெரிந்த பிறகு, முழங்கால் வரை போடும் பாரம் தாங்கும் மாவுக்கட்டு ஒன்றைக் கேட்கலாம். ஆறியபின் எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு.

— *சர்க்கரை.* புண் முடியும்வரை மாத்திரைக்குப் பதிலாக இன்சுலின் என்றால் மறுக்க வேண்டாம். ஒருமுறை தொடங்கினால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. பலருக்குக் கிருமி அடங்கியபின் குறைத்து நிறுத்துகிறார்கள்.

விரலைப் பற்றி

ஒரு விரலை எடுத்தால் கால் போகும் என்று ஊரில் சொல்வது, விரலை எடுத்தபின் கால் போனவர்களைப் பார்த்துச் சொல்வது. அவர்களில் பலருக்குக் காலைக் கொண்டுபோனது இரத்த ஓட்டம் பார்க்காமல் வெட்டியதோ, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கிருமி மேலே ஏறியதோ, ஆறியபின் பழையபடி ரப்பர் பூட்ஸில் நடந்ததோ. சரியான நேரத்தில் எடுத்த விரல் பல கால்களைக் காத்திருக்கிறது. பெருவிரலை இழந்தால் நடையில் பாரம் பக்கத்து விரல்களுக்கு மாறும், அங்கே புதுப்புண் வரும் ஆபத்து உண்மையானது. அதற்காகவே அளவெடுத்த செருப்பு. சில சமயம் விரலை விட்டுவிட்டு, கிருமி ஏறிய எலும்பை மட்டும் எடுக்கவும் முடியும். ‘எலும்பை மட்டும் எடுத்துப் பார்க்கலாமா, ஆறு வாரம் மருந்தால் பார்க்கலாமா, இரண்டும் ஆகாது என்றால் ஏன்?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். நல்ல அறுவை மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

அந்த மையத்திடம்

ஐந்து கேள்வியை எழுத்தில் கேளுங்கள். துகளின் பெயர் என்ன, தயாரித்தது யார்? ஒளியின் அலைநீளம் எவ்வளவு, ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை ஜூல்? சூட்டை எப்படி அளப்பீர்கள்? முன்னதாகப் புண்ணைச் சுத்தம் செய்வது யார், அவருடைய மருத்துவப் பதிவு எண் என்ன? இது ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் என்ன?

கடைசிக் கேள்வி முக்கியம். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதியப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணில் ஆண்டும் மாதமும் இருக்கும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். முறையான ஆய்வில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தருவார்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சை அவர்கள் பொறுப்பு. ஆய்வுக்கான சிகிச்சைக்கு உங்களிடம் ரூ.48,000 கேட்க மாட்டார்கள். ஆய்வும் இல்லை, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையும் இல்லை என்றால் அங்கே விற்கப்படுவது உங்கள் பயம்தான். சர்க்கரை நோயையும் தசை அழுகலையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. அந்த விளம்பரத்தைப் படமெடுத்து, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்க இரண்டும் வேண்டும். ரூ.5,000 திரும்பாவிட்டாலும் அதை நினைத்து மீதியையும் கட்டிவிடாதீர்கள்.

பின்னாளில் சீழ் வடிந்து, எலும்பு சுத்தமாகி, இரத்த ஓட்டம் சரியாகி, மேலோட்டமான புண் மட்டும் ஆறாமல் நின்றால், ஏதாவது மருத்துவக் கல்லூரியில் சாயமுறை ஆய்வு நடக்கிறதா என்று பதிவேட்டில் தேடலாம். அந்தக் கட்டத்தில் ஒளி எட்டும் தூரத்தில்தான் புண் இருக்கும். அப்போது அதைப் பேசுவது நியாயம். அப்போதும் மருந்தையும் பாரம் குறைப்பதையும் விடாமல், அவற்றோடு கூடத்தான்.

அதுவரை தினமும் இருமுறை, கட்டைப் பிரிக்கும்போதும் மாலையிலும், பகல் வெளிச்சத்தில் காலைப் பாருங்கள். சிவப்பின் ஓரத்தை ஸ்கெட்ச் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரம் எழுதுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, விரல் கறுத்தாலோ, தோலை அழுத்தினால் நறநறவென்று சத்தம் வந்தாலோ, குளிர்க்காய்ச்சல், குழப்பமான பேச்சு, வாந்தி, 300-க்கு மேல் இறங்காத சர்க்கரை இவற்றில் எது வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அப்பா அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அதே எண்தான்.